ஆட்டோ தேடிய நிமிடங்கள்

உப்புவெளியிலிருந்து:

அப்பா விழுந்தது டச்பே கடற்கரையில், மாலை நடைக்குப் போன இடத்தில். சுற்றி முப்பது பேராவது நின்றோம். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். கைகால் இழுத்ததும் வலிப்பென்று நினைத்து இன்னொருவர் திறப்புக் கோர்வையைக் கையில் திணித்தார். இடையிடையே அப்பா வாயைத் திறந்து பெருமூச்சுப்போல் ஒன்று வாங்கினார். "மூச்சு இருக்கிறது, பயப்படாதே பிள்ளை" என்றார்கள். நம்பினேன். இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் அப்படி ஓர் இழுப்பு வரும், அது மூச்சில்லை என்று பிறகுதான் மருத்துவர் சொன்னார். ஆட்டோ பிடித்து ஏற்றவே பத்து நிமிடம் போய்விட்டது. இரத்தம் போகாவிட்டால் மூளை கெடத் தொடங்க நாலைந்து நிமிடம் போதுமாம். நெஞ்சை அமுக்கினால் அந்த இரத்தத்தை ஓடவைக்கலாமாம். அத்தனை நேரமும் அப்பாவின் நெஞ்சில் ஒரு கையும் படவில்லை. என் கையும்தான். ஓடி வந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எங்களில் ஒருவருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

நிலாவெளியிலிருந்து:

அக்கா, இரண்டு தடவை வாசித்தேன். எங்கள் கரைவலையில் வலை இழுத்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் அப்படியே சரிந்தார். நாங்களும் தூக்கிக்கொண்டு ஓடத்தான் பார்த்தோம். முதலுதவி படித்த ஒரு தம்பி விடவில்லை. "அம்புலன்ஸுக்கு, 1990க்கு எடுங்கள், போனை ஸ்பீக்கரில் போட்டு வையுங்கள்" என்றான். இளகிய மணலில் அமுக்கினால் உடம்பு புதையும் என்று இறுகிய ஈரமணலுக்கு இழுத்துக் கிடத்தினான். நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கை மடியாமல், இரண்டு அங்குலம் இறங்க அமுக்கினான். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அமுக்குக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழும்ப வேண்டும். எலும்பு முறியுமே என்றேன். "முறிந்தால் பொருந்தும், நீங்கள் அமுக்குங்கள்" என்றான். இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்துவிடும். வலையில் ஆள் மாறுவதுபோல் மாறி மாறிச் செய்தோம். அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை. அந்த அண்ணன் இன்றும் மீன்வாடிக்கு வருகிறார், பேரப்பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு.

கிண்ணியாவிலிருந்து:

சந்தையில் ஒரு தாய் விழுந்தபோது ஆண்கள் தள்ளி நின்று பெண்ணொருத்தியைத் தேடினார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது, அவர் பிழைக்கவில்லை. உடுப்புக்கு மேலாகவே அமுக்கலாம் என்று தெரிந்திருந்தால் யாராவது தொடங்கியிருப்பார்கள். டென்மார்க்கில் 2005 முதல் பாடசாலையிலேயே இதைப் பழக்குகிறார்கள். அங்கே 2001இல் இதயம் நின்று விழுந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கே பக்கத்தில் நின்றவர்கள் நெஞ்சை அமுக்கினார்கள். 2010இல் அது பாதியை நெருங்கியது. ஒரு மாதம் தாண்டி உயிரோடு இருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 ஆனார்கள். பிள்ளைகள் கற்றால் வீடும் கற்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சனிக்கிழமைகளில் என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தலையணை வைத்துப் பழக்குகிறேன். உப்புவெளிச் சகோதரி, ஒருநாள் வந்து உங்கள் அப்பாவைப் பற்றி அவர்களுக்குச் சொல்வீர்களா?