கூட்டுப் பெயரில் இருந்த வீட்டை உத்தரவாதப் பத்திரம் எழுதி மாற்றிய அனுபவங்கள்

டெக்சாஸ், டாலஸ் அருகிலிருந்து:

நானும் என் தம்பியும் 2016இல் ஆளுக்குப் பாதி என்று கூட்டாக வாங்கிய வீட்டில், தம்பியின் பாதியை 2024இல் என் பெயருக்கு மாற்றிக்கொண்டோம். அவன் 2021இலேயே குடும்பத்துடன் சென்னைக்குத் திரும்பிவிட்டான். “அக்கா, ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன், போதாதா?” என்றுதான் முதலில் கேட்டான். ஊர் வழக்கப்படி அது நியாயமான கேள்விதான். இங்கே அதற்கு நெருக்கமானது குவிட்கிளெய்ம் பத்திரம். “எனக்கு ஏதேனும் உரிமை இருந்தால் அதை விட்டுவிடுகிறேன்” என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை. உரிமை உண்மையில் இருந்ததா என்பதற்குக்கூட எழுதிக் கொடுப்பவர் பொறுப்பாக மாட்டார். இடையில் அப்படியொரு பத்திரம் வந்த வீட்டை, சொத்துரிமையைச் சரிபார்த்து அதற்குக் காப்பீடு தரும் டைட்டில் நிறுவனங்கள் சந்தேகத்தோடு பார்க்கும் என்று வழக்கறிஞர் எச்சரித்ததால் உத்தரவாதப் பத்திரத்தை, அதாவது வாரன்டி டீடைத் தேர்ந்தெடுத்தோம்.

நம் கிரயப் பத்திரங்களில், பின்னால் ஏதேனும் வில்லங்க விவகாரம் ஏற்பட்டால் என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பேன் என்று ஒரு வரி வருமல்லவா? அந்த வரியே வாரன்டி டீடின் உயிர். இணையத்தில் கிடைத்த மாதிரிப் படிவம் ஒன்றை நானே நிரப்பி, மனையைக் குறிக்கும் லாட், பிளாக் எண்களைப் பழைய பத்திரத்தில் இருந்தபடியே பிழையின்றி எடுத்தெழுதி, கொஞ்சம் பெருமையோடுதான் வழக்கறிஞரிடம் காட்டினேன். தம்பி ஒருவன் மட்டும் கையெழுத்திடும் அந்தப் பத்திரத்தில் மனை முழுவதையும் அவன் எழுதிக் கொடுப்பதாக இருக்கிறது என்றும், அவனுக்குச் சொந்தமில்லாத என் பாதிக்கும் அவனே உத்தரவாதம் தருவதாக ஆகிறது என்றும் அவர் சுட்டிக்காட்டினார். “பிரிபடாத சரிபாதி” என்ற இரண்டு சொற்கள் விடுபட்டதால் வந்த வினை இது. பொது உத்தரவாதம் என்றால், நாங்கள் வாங்குவதற்கு முன்பே இருந்த குறைகளுக்கும் அவன் பதில் சொல்ல வேண்டும். சிறப்பு உத்தரவாதம் என்றால், அவன் உரிமையாளனாக இருந்த காலத்தில் அவனால் உண்டான வில்லங்கத்துக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். தம்பிக்காக இரண்டாவதையே எழுதச் சொன்னேன்.

டெக்சாஸ், கணவன் மனைவி இருவருக்கும் பொதுவான சொத்து என்ற சட்டம் உள்ள மாநிலம் என்பதால், பத்திரத்தில் பெயரே இல்லாத தம்பி மனைவியின் கையெழுத்தையும் டைட்டில் நிறுவனம் கேட்டது. இருவரும் முன்பதிவு செய்துகொண்டு அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குச் சென்று, அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டார்கள். ஒரு முத்திரைக்குக் கட்டணம் 50 டாலர். வீட்டிலேயே கையெழுத்திட்டு எடுத்துச் சென்றால் ஏற்க மாட்டார்கள். நம் ஊர்ப் பத்திரப் பதிவைப் போல வாங்குபவரும் நேரில் சென்று புகைப்படம், கைரேகை கொடுக்கும் வேலை இங்கே இல்லை; எழுதிக் கொடுப்பவரின் கையெழுத்து மட்டும்தான். மூலப் பத்திரம் கூரியரில் வந்து சேர்ந்ததும் பத்திரப் பதிவைக் கவனிக்கும் கவுன்டி கிளார்க்கிடம் பதிவானது. இந்த மாநிலத்தில் சொத்து மாற்றத்துக்கு முத்திரைத் தீர்வை கிடையாது.

வரி விஷயத்தில்தான் நாங்கள் வழுக்கி விழப் பார்த்தோம். அண்ணன் தம்பிக்குள் தானமாக எழுதினால் செலவில்லை என்பது ஊர் நினைப்பு. ஆனால் இங்கே குடியுரிமையும் வசிப்பிடமும் இல்லாத ஒருவர் அமெரிக்க மண்ணில் உள்ள வீட்டைத் தானம் செய்தால், 2024 கணக்கில் 18,000 டாலருக்கு மேற்பட்ட மதிப்புக்கு அவர் தானவரி கட்ட வேண்டும். குடிமக்களுக்கு உள்ள பெரிய வாழ்நாள் விலக்கு அவருக்குக் கிடையாது. ஆகவே விலை பேசிக் கிரயமாகவே எழுதினோம். வெளிநாட்டவர் விற்றால் வாங்குபவர் 15 சதவீதத்தைப் பிடித்து வருமானவரித் துறைக்குக் கட்ட வேண்டும் என்பது பொது விதி. தொகை 3,00,000 டாலருக்குள் இருந்ததாலும், நான் குடியிருக்கும் வீடே அது என்பதாலும் எங்களுக்கு அந்தப் பிடித்தம் வரவில்லை. தம்பி மட்டும் அந்த ஆண்டுக்கான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்தான்.

பத்திரம் மாறினாலும் வீட்டுக்கடன் தானாக மாறிவிடாது. எங்கள் கடன் இருவர் பெயரிலும் இருந்தது. அதைத் தீர்த்து என் ஒருத்தியின் பெயரில் புதுக்கடன் வாங்க நேர்ந்ததில், பழைய குறைந்த வட்டியை இழந்தேன். இந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

நியூஜெர்சியிலிருந்து:

கடனைப் பற்றி ஒரு சொல். என் ஒருவன் பெயரில் இருந்த வீட்டில் மனைவியையும் உரிமையாளராகச் சேர்த்தபோது வங்கி கடனைத் திருப்பிக் கேட்குமோ என்று அஞ்சினேன். 1982ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, குடியிருக்கும் வீட்டில் மனைவியோ பிள்ளைகளோ உரிமையாளராகும்போது அந்தக் காரணத்துக்காக வங்கி கடனை உடனே கேட்பதைத் தடுக்கிறது. உடன்பிறந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாததால்தான் மேலே எழுதிய சகோதரிக்கு அந்தச் சங்கடம் வந்திருக்கும். இங்கே வழக்கமாக எழுதும் பத்திரத்தின் பெயரே வேறு. எழுதிக் கொடுப்பவர் தன் செயல்களுக்கு மட்டும் பொறுப்பேற்கும் வகை அது.

மிச்சிகன், டெட்ராய்ட் அருகிலிருந்து:

நானும் நண்பர் ஒருவரும், ஒருவர் இறந்தால் எஞ்சியிருப்பவருக்கே முழு உரிமையும் சேரும் கூட்டுடைமையாளர்கள் என்று எழுதி வீடு வாங்கியிருந்தோம். அந்தச் சொற்களின் எடை அப்போது எங்களுக்குத் தெரியாது. நண்பர் தன் பங்கைத் தன் மனைவிக்கு எழுத விரும்பியபோதுதான், இம்மாநிலத்தில் எஞ்சியிருப்பவருக்குச் சேரும் அந்த உரிமையை ஒருவர் தனியாக எழுதும் பத்திரத்தால் அழிக்க முடியாது என்பதும், நண்பர் முதலில் இறந்தால் அவர் மனைவியிடம் ஒன்றும் மிஞ்சாமல் வீடு முழுவதும் எனக்கே வந்துவிடும் என்பதும் தெரியவந்தது. நானும் சேர்ந்து கையெழுத்திட்டு, இருவருமாக வாரன்டி டீட் எழுதி, நானும் அவர் மனைவியும் தனித்தனிப் பாகம் உடையவர்களாக மாற்றிக்கொண்டோம். பதிவுக்குக் கொடுத்த பத்திரம் முதலில் திரும்பி வந்தது. உத்தரவாதம் உள்ள பத்திரம் என்றால், கடந்த 5 ஆண்டுச் சொத்துவரி பாக்கி இல்லை என்ற கவுன்டி பொருளாளரின் சான்று இங்கே வேண்டும். பிறகு 45 நாட்களுக்குள் உள்ளூர் மதிப்பீட்டாளரிடம் சொத்து மாற்றப் படிவமும் கொடுத்தோம்.

டெக்சாஸ் சகோதரியிடம் ஒரு மாற்றுக் கருத்து. டைட்டில் காப்பீடு எடுத்தவர் வீட்டை எழுதிக் கொடுத்த பிறகும், தான் தந்த உத்தரவாதத்தால் வரும் பொறுப்பு வரைக்கும் அவருடைய பழைய பாலிசி அவரைக் காக்கும். தம்பி பொது உத்தரவாதம் கொடுத்திருந்தால், 2016க்கு முந்தைய குறை ஏதேனும் கிளம்பினாலும் உங்கள் பின்னால் அவருடைய பாலிசி நின்றிருக்குமே?

டெக்சாஸிலிருந்து மீண்டும்:

நீங்கள் சொல்வது சரிதான். வழக்கறிஞரும் அதைச் சொன்னார். ஆனால் வழக்கு என்று வந்தால், காப்பீட்டு நிறுவனத்தை எட்டுவதற்கு முன் நான் தம்பியின் மேல் உரிமை கோரிக் கடிதம் அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கு மனம் ஒப்பாததால், அவனிடமிருந்து வாங்கிய பாதிக்குத் தனியாகப் புதிய பாலிசி எடுத்து, அதன் பிரீமியத்தை நானே கட்டினேன்.