ஒரு மீட்டர் பட்டை, 8.15 ஹெர்ட்ஸ்: பீம் மாடலில் கணக்கு தவறும் இடங்கள்

ஃபைனைட் எலிமெண்ட் முறையில், அதாவது பொருளைச் சிறு துண்டுகளாக (எலிமெண்ட்) பிரித்துக் கணினியில் கணக்கிடும்போது, பீம் (உத்திர) மாடலில் விடை தப்பிய இடங்களை இங்கே பகிருங்கள். எல்லோரும் ஒரே பட்டையை வைத்துப் பேசினால் எண்களை ஒப்பிட வசதியாக இருக்கும். ஒரு முனையை இறுகப் பிடித்த எம்.எஸ். (மென் எஃகு) பட்டை: நீளம் 1000 மி.மீ., அகலம் 50, தடிமன் 10. யங் குணகம் (பொருளின் விறைப்பு) 200 ஜிகாபாஸ்கல், அடர்த்தி 7850 கிலோ/மீ³. நுனியில் 50 நியூட்டன் சுமைக்குக் கைக்கணக்கில் தொய்வு 20 மி.மீ., பிடிப்பருகே தகைவு (பரப்பலகுக்கான உள்விசை) 60 மெகாபாஸ்கல். வளைவு அதிர்வெண்கள் 8.15, 51.1, 143 ஹெர்ட்ஸ்.

முதல் பிழையை நானே சொல்லிவிடுகிறேன், அலகு. மில்லிமீட்டர், நியூட்டனில் மாடல் போட்டால் அடர்த்தி டன் கணக்கில் 7.85 × 10⁻⁹ என்று போக வேண்டும். கிலோ கணக்கில் 7.85 × 10⁻⁶ என்று கொடுத்தால் அதிர்வெண் 31.6 மடங்கு குறைந்து 0.26 ஹெர்ட்ஸ் காட்டும். தொய்வு மட்டும் அதே 20 மி.மீ. வரும், ஏனென்றால் அந்தக் கணக்கில் அடர்த்திக்கு வேலையே இல்லை. அதனால்தான் இந்தப் பிழை கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது.

——

சாலிட் (முப்பரிமாணக் கட்டி) எலிமெண்டில் அடி பலமாக விழும். இதே பட்டையை நீளவாக்கில் 10 துண்டு, தடிமனில் ஒரே அடுக்கு என்று 8 நோடு (மூலைப் புள்ளி) எலிமெண்டில், முழு இன்டெக்ரேஷனோடு (எலிமெண்டுக்குள் பல புள்ளிகளில் திரிபைக் கணக்கிட்டு) ஓட்டிப் பாருங்கள். 20 மி.மீ. வர வேண்டிய இடத்தில் அரை மில்லிமீட்டர்தான் வரும். அந்த எலிமெண்டின் விளிம்பு வளையாது, நேர்கோடாகவே நிற்கும். வளைவை அது சறுக்குத் திரிபாக (அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும் உருமாற்றமாக) எடுத்துக்கொள்வதால், நீளம் 100, தடிமன் 10 மி.மீ. உள்ள துண்டில் விறைப்பு சுமார் 40 மடங்கு ஏறிவிடுகிறது. துண்டுகளை 10 மி.மீ. ஆகக் குறைத்து 100 போட்டாலும் ஒரே அடுக்கில் விறைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகவே நிற்கும்.

இதற்குப் பயந்து, நடுவில் ஒரே புள்ளியில் கணக்கிடும் ரெட்யூஸ்டு இன்டெக்ரேஷனுக்குத் தாவினால் வேறு வம்பு. ஒரே அடுக்கில் நடுப்புள்ளியில் வளைவுத் திரிபு சுழி, ஆகவே எலிமெண்ட் எதிர்ப்பே காட்டாமல் மணற்கடிகாரம் போல நெளியும். குறைந்தது 4 அடுக்கு வேண்டும். அபாகஸ் மென்பொருளில் சி3டி8ஐ அல்லது சி3டி20ஆர் என்ற எலிமெண்ட் வகையை எடுத்தால் தடிமனில் ஒரே அடுக்கே போதும். என் கருத்தில், பட்டை வெறும் பட்டையாக இருக்கும்போது சாலிடே தேவையில்லை.

தகைவைப் பிடிப்பின் ஓரத்திலேயே படிக்காதீர்கள். அங்கே மெஷ் (துண்டுகளின் வலை) சிறுக்கச் சிறுக்க எண் ஏறிக்கொண்டே போகும். 100 மி.மீ. தள்ளிப் பாருங்கள், அங்கே 54 மெகாபாஸ்கல் வர வேண்டும்.

——

சாலிட் வேண்டாம் என்றவருக்கு முழு ஆதரவு, ஆனால் பீம் எலிமெண்டும் எண்ணிக்கை கேட்கும். வளைவை முப்படிச் சார்பாக எடுக்கும் பீமில் ஒரே எலிமெண்ட் போட்டாலும் முதல் மோடு (அதிர்வு வடிவம்) 8.19 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட சரி. இரண்டாவது 51.1-க்குப் பதில் 80.7 வரும். இரண்டு எலிமெண்ட் ஆக்கினால் அதுவே 1 சதவீதத்துக்குள் வந்துவிடும். நிறையை நோடுகளில் குவித்து வைக்கும் வகை என்றால் ஒரே எலிமெண்டில் முதல் மோடே 5.68-க்கு இறங்கிவிடும்.

இன்னொன்று: முப்பரிமாண மாடலின் பட்டியலில் இரண்டாவதாக 40.8 என்று ஒன்று நிற்கும். அது 50 மி.மீ. அகலத்தின் திசையில் ஆடும் மோடு. அதை 51.1-உடன் ஒப்பிட்டு “20 சதவீதம் பிழை” என்று எழுதிவிட வேண்டாம், மோடின் வடிவத்தை அசைத்துப் பாருங்கள்.

——

மாடல் சரி, அளவீடு குறைவாக வருகிறது என்றால் இரண்டு இடம் பாருங்கள். நுனியில் 50 கிராம் சென்சார் ஒட்டினால் 8.15 என்பது 7.95 ஆகும். பட்டையின் எடை 3.9 கிலோ என்றாலும் முதல் மோடில் நுனிக்குக் கணக்காவது அதில் கால் பங்குதான். அடுத்தது பிடிப்பு. தாடை விளிம்பு தளர்ந்து பயன்நீளம் 5 மி.மீ. கூடினாலே 1 சதவீதம் போய்விடும். போல்ட்டை இன்னும் இறுக்கி மறுபடி தட்டுங்கள். அதிர்வெண் ஏறினால் குற்றம் பிடிப்பில்தான். மாடலில் அங்கே ஒரு சுழல் ஸ்பிரிங் வையுங்கள், யங் குணகத்தைத் திருகாதீர்கள்.

——

தணிப்பு (அதிர்வு அடங்கும் அளவு) பற்றி யாரும் சொல்லவில்லை. நிறைக்கு ஆல்ஃபா, விறைப்புக்கு பீட்டா என்ற இரண்டு எண்களால் தணிப்பைக் கொடுக்கும் ரேலி முறையில் முதல் இரண்டு வளைவு மோடுக்கும் 2 சதவீதம் என்று பொருத்தினால் ஆல்ஃபா 1.77, பீட்டா 0.000107. அதே எண்களில் 143 ஹெர்ட்ஸ் மோடுக்குத் தணிப்பு 4.9 சதவீதம் ஆகிவிடும். மோதல் சுமைக் கணக்கில் மேல் மோடுகள் சட்டென அடங்கினால் காரணம் இதுதான். மோடல் சூப்பர்பொசிஷன் (மோடுகளைத் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டுவது) போட்டு ஒவ்வொரு மோடுக்கும் தனித்தனியே தணிப்பு கொடுங்கள்.