‘மகளிர் மட்டும்’ நாகேஷ்: அவர் மூச்சு விட்டதை யாராவது பார்த்தீர்களா?

வேம்பு:
1994-இல் அந்தப் படம் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. தியேட்டருக்குப் போகவில்லை. அடுத்த கோடை விடுமுறையில் அப்பா டெக் வாடகைக்கு எடுத்து வந்த இரவில், கூடத்தில் பாய் விரித்துப் படுத்தபடி பார்த்தோம். அதற்கு முன் நாகேஷை நான் பார்த்ததே இல்லை. ஊருக்கெல்லாம் அவர் தருமி, வைத்தி, செல்லப்பா. எனக்கு அவர் பிணம். ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் தங்கள் மேலாளர் இறந்துவிட்டார் என்று நினைத்து, மருத்துவமனையிலிருந்து தவறுதலாக எடுத்து வந்துவிடும் பிணம். ஒரு வரி வசனம் கிடையாது.

நான் சிரித்தேன். தம்பி பயந்து அழுதான். “அழாதே, அவர் உயிரோடுதான் இருக்கிறார். உற்றுப் பார், மூச்சு விடுவது தெரியும்” என்றார் அப்பா. அவ்வளவுதான், அழுகை நின்றது. விடிந்தால் கேசட்டைத் திருப்பித் தர வேண்டும். அந்தப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டி, பெட்டியில் மூக்கு உரச உட்கார்ந்து பார்த்தோம். மூச்சைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நாடாவில் கோடு விழுந்ததுதான் மிச்சம்.

2009 ஜனவரி 31. தொலைக்காட்சியில் அவரைக் கிடத்தியிருப்பதைக் காட்டினார்கள். சுற்றி நின்றவர்கள் யார் என்று நான் கவனிக்கவில்லை. என் கண் அவர் மார்பில்தான் இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு கேள்விகள். அந்தப் படத்தில் அவர் மூச்சு விட்டதை யாராவது கண்டீர்களா? என் மகளுக்கு இப்போது ஏழு வயது. அவளுக்கு நாகேஷை எந்தப் படத்தில் தொடங்கி அறிமுகம் செய்யலாம்?

மேடைக்காரன்:
சகோதரி, நான் அமெச்சூர் நாடகங்களில் இரண்டு முறை பிணமாகப் படுத்தவன். மூச்சைக்கூட அடக்கிவிடலாம். உடம்பை அடக்குவதுதான் கடினம். யாராவது நம் கையைத் தூக்கினால், நாம் கேட்காமலேயே கை கொஞ்சம் தானாக எழுந்து உதவும். தலை சாய்ந்தால் கழுத்து உடனே பிடித்துக்கொள்ளும். பிறந்த நாளிலிருந்து பழகிய காவல் அது, எளிதில் விட்டுப் போகாது. அடுத்த முறை மார்பைப் பார்க்காதீர்கள், கழுத்தைப் பாருங்கள். தன் எடை முழுவதையும் அந்த மூன்று பெண்களிடம் அவர் ஒப்படைத்துவிட்டிருப்பார். அவர்களுடைய தடுமாற்றம் நிஜமாகத் தெரிவதற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

ரயில்வேயில் எழுத்தராக இருந்த நாட்களில் அவருக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தது ஒரு நாடகத்தில் வயிற்றுவலி நோயாளி வேடம். பார்க்க வந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே பாராட்டினார். துடிதுடித்துப் பெயர் வாங்கியவர், அசையாமல் கிடந்தும் வாங்கினார்.

பழைய டிக்கெட்:
அதே 1994 தீபாவளிக்கு வந்தது ‘நம்மவர்’. அதில் அவர் பேராசிரியர். தற்கொலை செய்துகொண்ட மகளின் உடலுக்கு முன் நிற்கும் தகப்பன். அவள் போய்விட்டாள் என்பது மனதுக்குள் இறங்க மறுக்கிறது, ஏதேதோ பேசுகிறார். அந்தக் காட்சியை நான் முழுதாகப் பார்த்தது ஒரே ஒரு முறை. ஒரே ஆண்டில் ஒரு படத்தில் பிணம், இன்னொன்றில் பிணத்தின் முன் நிற்பவர். அவருக்குத் தேசிய விருது கிடைத்தது ‘நம்மவர்’ படத்துக்குத்தான், துணை நடிகருக்கான விருது. உங்கள் மகளுக்கு இது இப்போது வேண்டாம். பிறகு பார்க்கட்டும்.

ஒளிவட்டம்:
‘காதலிக்க நேரமில்லை’, தயங்காமல். செல்லப்பா தன் அப்பா பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சி ஒன்று போதும். பேயும் கிடையாது, இருட்டும் கிடையாது. நாகேஷின் குரலும் கையும் மட்டும்தான், மீதிப் படம் பாலையாவின் முகத்தில் ஓடுகிறது. ‘திருவிளையாடல்’ தருமி பிறகு வரட்டும். குறுந்தொகைப் பாட்டு புரிய வேண்டியதில்லை. ஆயிரம் பொன் கைநழுவிப் போனவனின் புலம்பல் எந்த வயதிலும் புரியும்.

வேம்பு:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு பார்த்தோம். என் மகள் முதலில் பாலையாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது முறை, “கதை சொல்கிற மாமாவைக் காட்டு” என்றாள். மூன்றாவது முறை அவரைப் போலவே கையை நீட்டிக் கதவு திறக்கும் சத்தம் போட்டாள். ‘மகளிர் மட்டும்’ படத்தை அவள் தூங்கிய பிறகு நான் மட்டும் போட்டுப் பார்த்தேன். மேடைக்காரன் ஐயா, நீங்கள் சொன்னது சரி. தலை சாய்கிற இடத்தில் கழுத்து பிடிக்கவே இல்லை. இரவு பதினொரு மணிக்குத் தம்பியைத் தொலைபேசியில் எழுப்பிச் சொன்னேன்.

“மூச்சு தெரிந்ததா, அக்கா?” என்று கேட்டான்.

இல்லை என்றேன்.