சூடேறியதும் நின்றுவிடும் பழைய புல்லட்: காயிலா, கண்டென்சரா?

காவிரிக்கரை:
என்னிடம் இருப்பது எண்பதுகளில் வந்த, வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட 350 புல்லட். 6 வோல்ட்டாக இருந்த வண்டியை எனக்கு விற்றவர் ஏற்கெனவே 12 வோல்ட்டுக்கு மாற்றியிருந்தார். காலையில் ஓரிரு கிக்கிலேயே கிளம்பிவிடுகிறது. ஆனால் வெயிலில் அரை மணி நேரம் ஓடியதும் இருமத் தொடங்கி, பிறகு முற்றிலும் நின்றுவிடுகிறது. நிழலில் ஆறவிட்டால் எதுவும் நடக்காததுபோல் மீண்டும் ஓடுகிறது. பிளக் புதியது, கார்புரேட்டரும் சுத்தம் செய்யப்பட்டது. சிபி பாயிண்ட் (பிளக்கில் பொறி உண்டாக மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) மட்டும் மாற்றிய சில வாரங்களிலேயே கருகிவிடுகிறது. பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தச் சொல்கிறார் மெக்கானிக். அதற்கு முன் கோளாறு எதில் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பழைய_இரும்பு:
சூட்டில் நின்று ஆறியதும் ஓடினால் அது பெரும்பாலும் கண்டென்சர்தான், அதாவது பாயிண்டில் பொறி தெறிக்காமல் காக்கும் சிறு பாகம். விலை குறைவு என்பதால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

அம்மீட்டர்_முள்:
கண்டென்சரைச் சந்தேகிப்பதில் தவறில்லை, ஆனால் பொருளை வாங்குவதற்கு முன் வண்டியிடமே கேட்டுப் பார்க்கலாம். நின்ற அதே நிமிடத்தில், ஆறவிடாமல், முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான் தோன்றும், திறந்ததும் வண்டி கிளம்பிவிடும். கிளம்பவில்லையென்றால் பிளக்கைக் கழற்றி அதன் உலோக உடல் எஞ்சினில் நன்றாகத் தொடுமாறு, பிளக் இருந்த துளையிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துக் கிக்கை மிதியுங்கள்; துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும் என்பதால் இந்த எச்சரிக்கை தேவை. நீலமாகச் சடசடக்கும் பொறி வந்தால் இக்னிஷனை விட்டுவிடலாம். மஞ்சளாக மெலிந்து வந்தாலோ வராமலே போனாலோ மேலே படியுங்கள்.

ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் அம்மீட்டரைப் பலர் அலங்காரமாகவே நினைக்கிறார்கள். விளக்குகளை அணைத்து, சாவியைப் போட்டு, கிக்கைக் கையால் மெதுவாக அழுத்திச் சுழற்றுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாய வேண்டும். திறக்கும்போது நடுவுக்குத் திரும்ப வேண்டும். சாயவே இல்லையென்றால் மின்சாரம் காயில் (பிளக்குக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் சுருள்) வழியாகப் பாயிண்டுக்கு வரவில்லை, அல்லது பாயிண்ட் முகம் அழுக்கேறியிருக்கிறது. சாய்ந்த முள் திரும்பவே இல்லையென்றால் கண்டென்சர் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது பாயிண்டுக்குப் போகும் வயர் எங்கோ வண்டியின் உடலில் தொடுகிறது. முள் எவ்வளவு தூரம் சாய்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை நெடுநேரம் போட்டு வைக்க வேண்டாம், காயில் வெந்துவிடும்.

காவிரிக்கரை:
மிக்க நன்றி ஐயா. மூடியைத் திறந்தும் பயனில்லை. பொறி மஞ்சளாக, விட்டு விட்டு வந்தது. அம்மீட்டர் முள் சாய்கிறது, திரும்பவும் செய்கிறது. ஆனால் சாயும்போது ஏறக்குறைய அளவுகோலின் கடைசிவரை போய்விடுகிறது. காயிலைத் தொட முடியாத அளவுக்குச் சூடு.

அம்மீட்டர்_முள்:
விடை அந்த முள்ளில்தான் இருக்கிறது. விற்றவர் பேட்டரியையும் பல்புகளையும் மாற்றிவிட்டு, காயிலை மட்டும் பழைய 6 வோல்ட்டிலேயே விட்டிருக்கக்கூடும். காயிலின் இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டு, இரு சிறு முனைகளுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் காயில் என்றால் 3 முதல் 4 ஓம் வரை காட்டும். 6 வோல்ட் காயில் ஒன்றரை ஓம் அளவில் நிற்கும். ஒன்றரை ஓமுக்கு 12 வோல்ட் கொடுத்தால் பாயிண்ட் வழியே 8 ஆம்பியர் ஓடும், 4 ஓமில் 3 ஆம்பியர்தான். 6 வோல்ட் காயிலுக்கு இரட்டிப்பு மின்னழுத்தம் கொடுப்பதால் அதில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகிறது. பாயிண்ட் கருகுவதற்கும் சூட்டில் பொறி மெலிவதற்கும் காரணம் இதுவே. கண்டென்சர் மட்டும் பழுது என்றால் பாயிண்டில் பெரிய பொறி தெறிக்குமே தவிர, முள் இவ்வளவு தூரம் போகாது.

காவிரிக்கரை:
1.4 ஓம் காட்டியது. 12 வோல்ட் காயில், புதிய பாயிண்ட், கண்டென்சர் மூன்றையும் பொருத்திய பிறகு நண்பகல் வெயிலில் திருச்சியிலிருந்து தஞ்சாவூர்வரை நிற்காமல் போனது. கிக்கின்போது மட்டும் சில வேளை பின்னோக்கி உதைக்கிறது.

பழைய_இரும்பு:
நான் கண்டென்சரையே பிடித்துக்கொண்டிருந்தேன். காயில் நினைவுக்கு வரவில்லை. பின்னோக்கி உதைப்பது டைமிங், அதாவது பொறி விழும் நேரம், முன்கூட்டியிருப்பதன் அடையாளம். பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்த பிறகே டைமிங்கைத் தொடுங்கள், ஏனெனில் இடைவெளி கூடினாலே டைமிங் முன்னே போய்விடும். அழுத்த வீச்சில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்கையில் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பாயிண்ட் முனைக்கும் உடலுக்கும் இடையே ஒரு சிறு பல்பை இணைத்தால் திறக்கும் கணத்தில் அது எரியும். வேகத்துக்கேற்ப டைமிங்கை மாற்றும் ஆட்டோ அட்வான்ஸின் ஸ்பிரிங் தளர்ந்து எடைகள் உள்ளே திரும்பாமல் நின்றாலும் இப்படி உதைக்கும், அதையும் கையால் திருப்பிப் பாருங்கள். பாயிண்டைத் திறக்கும் கேமில் ஒரு துளி கிரீஸ் போதும். அதிகமானால் பாயிண்டில் தெறித்து மறுபடியும் கருகும்.