அந்த 290 பேரும் எங்கிருந்து வந்தவர்கள்?

பழைய வார்டு:
எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் கொந்தளித்து, உறவுகள் நிலைக்காமல், தன்னையே காயப்படுத்திக்கொள்ளவும் தூண்டும் மனநோய்) உள்ளவர்களை மருத்துவமனையில் சேர்ப்பது வீண் என்றும், அவர்களில் 93 சதவீதத்தினர் பத்தாண்டுகளில் தாமாகவே தேறிவிடுகிறார்கள் என்றும் நீலவானன் நேற்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். மனநல வார்டில் 31 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற என்னால் இதைப் படித்துவிட்டு வாளாவிருக்க இயலவில்லை. அவர் காட்டும் ஆய்வு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள மக்லீன் மருத்துவமனையில் மேரி ஸானரினி குழுவினர் நடத்தியது. அதில் பின்தொடரப்பட்ட 290 நோயாளிகளும் அங்கே உள்நோயாளிகளாக இருந்தவர்கள். படுக்கையில் இருந்து எழுந்தவர்களின் கணக்கைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, படுக்கையே வேண்டாம் என்று வாதாடுவது எந்த ஊர் நியாயம்?

நீலவானன்:
நான் ‘வீண்’ என்று எழுதவே இல்லை. நீண்ட நாள் தங்கவைப்பதால் பயன் இல்லை என்றுதான் எழுதினேன். அந்த 290 பேரை மருத்துவமனையில் கண்டெடுத்தார்கள் என்பது வேறு, மருத்துவமனைதான் அவர்களைத் தேற்றியது என்பது வேறு. பேருந்து நிலையத்தில் நின்றவர்களைப் பத்தாண்டு பின்தொடர்ந்து பார்த்து, அவர்களுக்குத் திருமணம் ஆனதற்குப் பேருந்து நிலையமே காரணம் என்பீர்களா? இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நெருக்கடியில் இருப்பவரை வார்டில் சேர்ப்பதைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே, வீட்டுக்கு வந்து கவனிக்கும் நெருக்கடிக் குழுவிடம் அனுப்பச் சொல்கிறது.

பழைய வார்டு:
தம்பி, வீட்டுக்கு வரும் குழு இங்கிலாந்தில் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு உங்கள் தெருவுக்கு எந்தக் குழு வரும் என்று சொல்லுங்கள், நானும் குறித்துக்கொள்கிறேன். பேருந்து நிலையத்தில் எவரும் நாடி பார்ப்பதில்லை, இரவெல்லாம் கண்விழித்து அருகில் உட்கார்ந்திருப்பதும் இல்லை. மீண்டும் கேட்கிறேன்: 290 பேரும் எங்கிருந்து வந்தவர்கள்?

சொல்லேர் உழவன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் இருவரும் சண்டையிடும் 93 சதவீதம் ‘குணமானவர்கள்’ அல்லர். குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அறிகுறிகள் நோய்க்கான அளவுக்குக் கீழே இருந்தவர்கள் அவர்கள். அறிகுறி தணிந்ததோடு, நெருக்கமான ஓர் உறவும் நிலையான வேலையோ படிப்போ உடையவர்களைத்தான் அந்த ஆய்வு மீண்டவர்கள் என்கிறது. பத்தாம் ஆண்டில் அவர்கள் 50 சதவீதம் மட்டுமே. இரண்டாண்டு தணிந்தவர்களிலும் 30 சதவீதத்தினருக்கு அறிகுறிகள் திரும்பியிருக்கின்றன. நிற்க, ‘எல்லைக்கோடு’ என்ற பெயரே தவறான எண்ணத்தைத் தருகிறது. 1938இல் அடால்ஃப் ஸ்டெர்ன், நியூரோசிஸ் எனப்படும் லேசான மனக்கோளாறுக்கும் சைக்கோசிஸ் எனப்படும் கடும் மனப்பிறழ்வுக்கும் நடுவில் நிற்பவர்கள் என்று கருதி வைத்த பெயர் அது; இன்று அந்த நடுவும் இல்லை, கோடும் இல்லை.

பழைய வார்டு:
ஐயா, நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்குப் பெயர்ச்சொல் ஆராய்ச்சி உதவாது. தணிவோ மீட்சியோ, அதை அடைந்தவர்கள் உள்நோயாளிகளாக இருந்தவர்கள் என்பதுதான் என் கேள்வி.

நீலவானன்:
வரையறை வேண்டாம் என்பதில் மட்டும் அவரோடு உடன்படுகிறேன். ஆனால் என்னைத் தம்பி என்று அழைக்க வேண்டாம். எனக்கு வயது 52. இனி உயிருள்ள சான்றுக்கு வருவோம். இக்கோளாறுக்கு டி.பி.டி. என்னும், கொந்தளிக்கும் உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை முறையை உருவாக்கிய மார்ஷா லினஹன், 1961இல் தம் 17ஆம் வயதில் ஹார்ட்ஃபோர்டு நகரின் மனநல மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டு, அங்கே 26 மாதங்கள் அடைபட்டுக் கிடந்தார். 2011இல் அவரே இதை வெளிப்படையாகச் சொன்னார். அந்த 26 மாதங்கள் அவரைத் தேற்றவில்லை. அவர் உருவாக்கி 1991இல் சோதனை முடிவுகளை வெளியிட்ட முறை, வாரந்தோறும் வந்துபோகும் வெளிநோயாளிகளுக்கானது. இதற்கும் 290தான் பதிலா?

பழைய வார்டு:
உயிரோடு வெளியே வந்தார் அல்லவா? 26 மாதங்களும் உயிரோடு இருந்ததால்தானே பிற்காலத்தில் டி.பி.டி. எழுத முடிந்தது? சென்ற ஆடி மாதம் தூக்க மாத்திரை பற்றிய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் ஒரே ஒருவருடைய கதையை வைத்து வார்டுகளையெல்லாம் தூற்றினீர்கள். அதை நான் மறக்கவில்லை. லண்டனில் பேட்மன், ஃபோனகி என்னும் மனநல ஆய்வாளர்கள் இதே கோளாறு பற்றி 1999இல் வெளியிட்ட ஆய்வில் 18 மாதங்கள் சிகிச்சை அளித்தது எங்கே? மருத்துவமனையில்தான்.

நீலவானன்:
அது பகல் நேர மருத்துவமனை. மாலையில் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். அங்கே எந்தப் படுக்கை இருந்தது என்பதையும் தாங்களே சொல்லிவிடுங்கள்.

பழைய வார்டு:
படுக்கை இல்லாவிட்டால் அது மருத்துவமனை இல்லையா? அப்படியானால் பல் மருத்துவமனையை என்ன பெயரால் அழைப்பீர்கள்?

மகளின் தாய்:
இரண்டு நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் மகள் 19 வயதில் ஒரு தனியார் மருத்துவமனையில் 11 நாட்கள் இருந்தாள். சேர்த்த அன்று துப்பட்டா, தலைமுடி ரப்பர், கைப்பேசி சார்ஜர் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவால் படுக்கை எண்ணை எழுதினார்கள், பெயரை எழுதவில்லை. மூன்றாம் நாள் அவள் விம்மி அழுதபோது, “அது கவனம் கேட்கிற கேஸ், யாரும் பக்கத்தில் போக வேண்டாம்” என்று ஒரு செவிலியர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. ஆனால் அந்த முதல் இரவை அவள் தாண்டியது அங்கே இருந்ததால்தான், அதையும் மறைக்க மாட்டேன். அவள் தேறத் தொடங்கியது, வெளிநோயாளியாக டி.பி.டி.க்குப் போன இரண்டாம் ஆண்டில். அன்றன்று வந்த கோபத்துக்கும் தனிமைக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண் இட்டு நிரப்பும் அட்டை இன்னும் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. இப்போது வேலைக்குப் போகிறாள், தோழிகள் எவரும் இல்லை. இவளை 93இல் சேர்ப்பீர்களா, 50இல் சேர்ப்பீர்களா?

பழைய வார்டு:
அம்மா, அந்த முதல் இரவு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நான் சொல்வதும் அதுவே. அந்தச் செவிலியர் பேசியது தவறு. நான் 31 ஆண்டுகளில் ஒரு முறைகூட அப்படிச் சொன்னதில்லை. ஆனால் 40 படுக்கைக்கு இருவர் என்று இரவு ஷிஃப்ட் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று. நீலவானன் போன்றவர்கள் ஓர் இரவாவது அங்கே உட்கார்ந்துவிட்டு எழுதட்டும்.

நீலவானன்:
அம்மா, இரண்டாம் ஆண்டில், வெளிநோயாளியாக என்று நீங்கள் எழுதியதை அவர் படிக்கவே இல்லை பாருங்கள். உங்கள் மகள் என் வாதத்துக்கே சான்று.

மகளின் தாய்:
என் மகள் எவருடைய வாதத்துக்கும் சான்று இல்லை, ஐயா. நான் கேட்டதற்கு இருவரும் விடை சொல்லவில்லை.

சொல்லேர் உழவன்:
அம்மா, தாங்கள் சொல்வதைப் பார்த்தால் அறிகுறி தணிந்திருக்கிறது, உறவு இன்னும் அமையவில்லை. ஆய்வின் கணக்கில் 93க்குள் வரலாம், 50க்குள் வரமாட்டார். அதே ஆய்வில் மீண்டவர்களின் பங்கு பதினாறாம் ஆண்டில் 60 சதவீதமாக உயர்ந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பழைய வார்டு:
பதினாறாம் ஆண்டானாலும் அதே 290 பேர்தான். எங்கிருந்து வந்தவர்கள் என்று நீலவானன் இன்னும் வாய் திறக்கவில்லை என்பதை எல்லோரும் குறித்துக்கொள்ளவும்.

நீலவானன்:
முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். மேலே போய்ப் படிக்கவும், அண்ணா.