வீடு அம்மா பேர்ல, அடிதடி மகனால

சூலூர்க்காரி:
எங்க பெரியம்மாவுக்குக் கோயமுத்தூர் ஓரத்துல அரசாங்க வாரிய வீடுங்க. வாய்க்கால் கரைக் குடிசைகளை எடுத்தப்ப ஒதுக்குனது. ஒதுக்கீட்டு ஆணை பெரியம்மா பேர்ல. மகனுக்குக் குடி முத்திப் போச்சு. மாடிப்படியில கூட்டம் சேர்த்துக்கிட்டு, தட்டிக்கேட்ட கீழ்வீட்டு அண்ணனை அடிச்சுட்டான். குடியிருப்புல எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தாங்க. ஒதுக்கீட்டை ஏன் ரத்து செய்யக் கூடாதுன்னு நோட்டீஸ் வந்தது பெரியம்மாவுக்கு. மண்டபத்துல பாத்திரம் கழுவிப் பொழைக்கிறவங்க. "நானா சாமி அடிச்சேன்? என்னைய ஏனுங் காலி பண்ணச் சொல்றாங்க?"ன்னு கேக்கறாங்க. அவங்களும் அவன்கிட்ட அடி வாங்குனவங்கதான், வெளிய சொன்னதில்லை. வீட்டைப் பொம்பளை பேர்ல கொடுக்கறது அவளுக்கு ஒரு புடிமானம் வேணும்னுதானே? ஆம்பளை பண்ணுன வம்புக்கு அதையே புடுங்குனா எப்படிங்க?

பனியன் கம்பெனி அக்கா (திருப்பூர்):
நான் மனு கொடுத்த பக்கமுங்க. எங்க பிளாக்லயும் இதே கதை. எம்பொண்ணு ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்தா படியேற முடியாது. லைட்டை உடைச்சுப்போட்டு நாலு பேர் உக்காந்திருப்பானுங்க. போலீசுக்குச் சொன்னா வந்து பேசிட்டுப் போயிருவாங்க, மறுநாள் அதே படி, அதே ஆளுங்க. வாடகை வீடா இருந்தா மாத்திட்டுப் போயிருப்போம். வாரிய வீட்டை விக்கவும் கூடாது, வாடகைக்கு விடவும் கூடாது, விட்டா ஒதுக்கீடே போயிரும். அப்ப நாங்க எங்கீங்க போறது? அந்தம்மாவை நினைச்சாப் பாவமாத்தான் இருக்கு. ஆனா எம்புள்ளை பயந்து பயந்து படியேறுறதை எத்தனை நாளைக்குப் பாக்கறது?

பவானிக்காரன்:
நான் இலவச சட்ட உதவி மையத்துல தன்னார்வலரா இருக்கறனுங்க. ஆளை வெளியேத்தறது வேற, வீட்டை ரத்து பண்றது வேற. 2005ஆம் வருச குடும்ப வன்முறைச் சட்டத்துல 19ஆவது பிரிவு இருக்குது. அடிக்கிற மகனையோ புருசனையோ அந்த வீட்டை விட்டு வெளிய போகச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். வீடு அம்மாகிட்டயே இருக்கும். எங்ககிட்ட வந்த ஒரு அம்மா இப்படித்தான் உத்தரவு வாங்குனாங்க. பையன் இப்ப பெருந்துறையில வேலை செய்யற இடத்துலயே தங்கிக்கிறான்.

திருப்பூர் அக்காவுக்கு: அக்கம்பக்கத்துல தகராறு பண்றவனை, ஒழுங்கா நடந்துக்குவேன்னு ஒரு வருசம் வரைக்கும் பிணைப்பத்திரம் எழுதி வாங்கலாமுங்க. முன்னே குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 107ஆவது பிரிவுன்னு சொல்லுவாங்க, 2024 ஜூலையில இருந்து அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டத்துல (BNSS) 126ஆவது பிரிவு. அதைக் கேட்டு எழுத்துல மனு கொடுங்க, ரசீது வாங்காம வராதீங்க.

சூலூர் அம்மிணி, நோட்டீசுக்குக் குறிச்ச தேதிக்குள்ள பதில் போயாகணும். வாயால சொன்னாப் பத்தாது. பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் வக்கீல் இலவசம், கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் குழு ஆபீஸ் இருக்கும். ஆதாரும் ஒதுக்கீட்டு ஆணையும் கொண்டு போங்க.

சூலூர்க்காரி:
ரொம்ப நன்றிங்கண்ணா. திங்கக்கிழமை பெரியம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். அடி வாங்குன கீழ்வீட்டு அண்ணன்கிட்டயும் பேசுனோம். "அவன் போனாப் போதும், அக்கா இருக்கட்டும்"னு எழுதித் தர்றேன்னு சொல்லியிருக்காருங்க.