நூல் குறைபாட்டால் வீணான துணி: மில் மீது வழக்குத் தொடர முடியுமா?

கேள்வி: பின்னலாடை உற்பத்தியாளர், திருப்பூர்

வணக்கம். நான் பன்னிரண்டு ஆண்டுகளாகத் திருப்பூரில் சிறிய அளவில் பின்னலாடை உற்பத்தி செய்து வருகிறேன். ஏற்றுமதி ஆர்டர் ஒன்றுக்காக, வழக்கமாக நான் வாங்கும் மில் ஒன்றிலிருந்து 2,000 கிலோ 30ஆம் நம்பர் கோம்டு (பஞ்சைச் சீவிச் சுத்தப்படுத்தி நூற்ற) நூலைக் கிலோ 265 ரூபாய் வீதம் வாங்கினேன். நூல் முழுவதும் ஒரே லாட்டாக (ஒரே தொகுப்பாக நூற்றதாக) இருக்க வேண்டும் என்றும், அடர் நீலச் சாயமேற்றும் ஏற்றுமதித் துணிக்கானது என்றும் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதியிருந்தேன். நிட்டிங் முடிந்து வந்த, இன்னும் சாயமேற்றாத கிரே துணியில் எந்தக் குறையும் கண்ணுக்குத் தெரியவில்லை. சாயப்பட்டறையிலிருந்து திரும்பி வந்த பிறகுதான், 1,150 கிலோ துணியில் குறுக்குவாட்டில் வெளிர்பட்டையும் அடர்பட்டையும் மாறி மாறி ஓடுவதைப் பார்த்தோம்.

நூல் இறங்கிய 19ஆம் நாள், படங்களுடன் வாட்ஸ்அப்பில் மில்லுக்குப் புகார் அனுப்பினேன். "துணியாக்கிய பின் எந்தப் புகாரும் ஏற்கப்படாது என்று பில்லில் அச்சிட்டிருக்கிறோம், கோளாறு உங்கள் நிட்டிங் மெஷினில்தான் இருக்கிறது" என்று பதில் வந்தது. பில் தொகையில் பாதியை, அதாவது 2.65 லட்சம் ரூபாயை நான் நிறுத்தி வைத்தேன். அதற்கு அவர்கள் மத்திய அரசின் சமாதான் இணையதளம் வழியாக, பாக்கித் தொகைத் தகராறுகளை விசாரிக்கும் குறு, சிறு தொழில் வசதியாக்கக் குழுவில் வட்டியுடன் கேட்டு மனுப் போட்டுவிட்டார்கள். நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக்கூலி ஆகியவற்றில் மட்டும் எனக்கு ஏறத்தாழ 4.5 லட்சம் நஷ்டம். மாற்றுத் துணி செய்து விமானத்தில் அனுப்பிய செலவு 1.8 லட்சம் தனி. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். பில்லில் "கோயம்புத்தூர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது" என்றும் அச்சிட்டிருக்கிறது. சரக்கு இறங்கியதோ திருப்பூரில். நான் எங்கே போவது? துணியாக்கிவிட்டதால் என் உரிமை உண்மையிலேயே போய்விட்டதா?

பதில் 1: ஜவுளித் தரப் பரிசோதனையில் பணிபுரிபவர்

சட்டத்தை வழக்கறிஞர்கள் சொல்லட்டும். அதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. மீதமுள்ள கோன்களில் (நூல் சுற்றிய கூம்புகளில்) ஒன்றைக்கூட இனி உற்பத்திக்குப் பயன்படுத்தாதீர்கள். லாட் ஸ்டிக்கர் கிழியாமல், பை முத்திரையோடு அப்படியே தனியாக வையுங்கள். பட்டை விழுந்த துணியிலும் சில மீட்டரை எடுத்து வையுங்கள்.

இந்தப் பட்டைக்கு நூலும் காரணமாக இருக்கலாம், மெஷினும் காரணமாக இருக்கலாம் என்பதால், மில் சொல்வதைப் பொய் என்று உடனே தள்ளிவிட முடியாது. 72 ஃபீடர் (ஊசிகளுக்கு நூல் கொடுக்கும் பகுதி) உள்ள மெஷினில் ஒரு பட்டை சரியாக 72 வரிசைக்கு ஒருமுறை திரும்பி வந்தால், குற்றவாளி அந்த ஒரு ஃபீடர் அல்லது அதில் மாட்டிய கோன். அந்தக் கோனை வேறு ஃபீடருக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். பட்டை கோனோடு சேர்ந்து நகர்ந்தால் குறை நூலில் இருக்கிறது. பழைய இடத்திலேயே நின்றால் அந்த ஃபீடரின் இழுவிசையிலோ லூப் நீளத்திலோ இருக்கிறது. அடுத்து, சாயமேற்றிய துணியில் ஒரு துண்டின் சாயத்தை நீக்கச் சொல்லுங்கள். சாயம் போனதும் பட்டையும் மறைந்தால், சாயத்தை ஏற்கும் தன்மை நூலுக்கு நூல் வேறுபட்டிருக்கிறது என்று பொருள். முதிர்ச்சி வேறுபட்ட பஞ்சுகள் கலந்தாலோ, இரண்டு லாட்டுகள் ஒன்றாக வந்துவிட்டாலோ பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். புறஊதா விளக்கின் கீழ் கோன்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலும் லாட் கலப்பு பல நேரங்களில் தெரிந்துவிடும்.

இவற்றை நீங்களே செய்து பார்ப்பது உங்கள் தெளிவுக்காக மட்டும்தான். வழக்குக்கு, மில்லுக்கு எழுத்தில் தேதி கொடுத்து, அவர்கள் பிரதிநிதி முன்னிலையில் மாதிரி எடுத்து முத்திரையிட்டு, கோவையில் உள்ள சிட்ரா (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்) போன்ற பொதுவான ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் வர மறுத்தால், மறுத்தது கடிதத்தில் பதிவாகட்டும்.

பதில் 2: வணிக வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்

துணியாக்கியதால் உங்கள் உரிமை முழுவதும் போய்விடவில்லை. சரக்கைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை மட்டும்தான் போயிருக்கிறது. சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 42ஆம் பிரிவின்படி, விற்றவரின் உடைமைக்கு ஒவ்வாத செயலை வாங்கியவர் செய்தால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். நூலைப் பின்னிச் சாயமேற்றியது அப்படிப்பட்ட செயல்தான். ஆனால் அதன் விளைவை 13(2)ஆம் பிரிவு சொல்கிறது: நிபந்தனை மீறல் (சரக்கையே நிராகரிக்க இடம் தருவது) இனி உத்தரவாத மீறலாக (நஷ்டஈட்டுக்கு மட்டும் இடம் தருவது) மட்டும் கொள்ளப்படும். உத்தரவாத மீறலுக்கு 59ஆம் பிரிவின் கீழ் விலையைக் குறைத்துக் கொடுக்கலாம், நஷ்டஈடு கேட்டு வழக்கும் போடலாம். ஒன்றைச் செய்ததால் மீதமுள்ள நஷ்டத்துக்கான வழி அடைபடாது. எனவே நீங்கள் பாதித் தொகையை நிறுத்தி வைத்ததற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது.

பயன்பாட்டை முன்கூட்டியே சொல்லி வாங்கியதால் 16(1)ஆம் பிரிவு உங்களுக்குத் துணை நிற்கிறது. ஒரே லாட் என்று ஆர்டரில் எழுதியிருப்பது அதைவிட வலுவானது. வாங்கியவர் சோதித்திருந்தால் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு, சரக்கு விற்கத் தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற 16(2)இன் பாதுகாப்பு கிடையாது. சாயம் ஏறினால்தான் வெளிப்படும் குறையை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. மறைந்திருக்கும் குறை பற்றிய இந்தச் சிந்தனை துணி வணிகத்தோடு நெடுநாள் தொடர்புடையது. மாதிரியோடு எல்லா வகையிலும் ஒத்திருந்தும் கோட்டுத் தைக்கப் பயன்படாமல் போன கம்பளித் துணிக்கு, அதை நெய்தவர்களே பொறுப்பு என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1887இலேயே தீர்ப்பளித்தது.

உங்களுக்கு எதிராக இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பேரம் முடிந்த பிறகு கைக்கு வரும் பில்லில் அச்சிட்ட வாசகம் தானாகவே ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடாது என்றாலும், தொடர்ந்த வணிக நடைமுறையால் மறைமுக உத்தரவாதங்கள் (எழுதாவிட்டாலும் சட்டம் சேர்ப்பவை) விலக்கப்படலாம் என்று 62ஆம் பிரிவு சொல்கிறது. பல ஆண்டுகளாக அதே வாசகமுள்ள பில்களை மறுப்பின்றி வாங்கியிருக்கிறீர்கள் என்று மில் வாதிடும். இதற்கு முன் எப்போதாவது துணியான பிறகு உங்கள் புகாரை ஏற்று அவர்கள் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்து விற்பவர் தரும் சீட்டு) கொடுத்திருந்தால், அதைத் தேடி எடுங்கள். அந்த ஒரு காகிதம் வழக்கின் போக்கையே மாற்றக்கூடும்.

நுகர்வோர் ஆணையம் உங்களுக்குப் பொருந்தாது. வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை 2019ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. நஷ்டம் 3 லட்சத்துக்கு மேல் என்பதால் வணிக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கில், முதலில் சமரசத்துக்கு விண்ணப்பிக்காமல் தாக்கல் செய்தால் வழக்கு நிராகரிக்கப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவுபடுத்திவிட்டது. பொதுவான காலவரம்பு மூன்று ஆண்டுகள். சமரசத்தில் செலவாகும் காலம் அதில் சேராது.

நீதிமன்ற எல்லையைப் பொறுத்தவரை உங்களுக்கு அருகிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. குஜராத் நிறுவனம் ஒன்று சேலத்துக்கு விற்ற ஜரிகை நூல் பற்றிய ஏபிசி லேமினார்ட் வழக்கில், ஆவணத்தில் கைரா நீதிமன்றம் என்று எழுதியிருந்தும், "மட்டுமே" என்பது போன்ற சொல் இல்லாததால் சேலம் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1989இல் கூறியது. ஆனால் 2013இல் அதே நீதிமன்றம், அந்தச் சொல் இல்லாவிட்டாலும் தரப்பினரின் எண்ணத்தை ஊகிக்கலாம் என்று சொல்லிவிட்டது. உங்கள் நிலையில் நான் இருந்தால் கோவையிலேயே தாக்கல் செய்வேன். ஒரு மணி நேரப் பயணத்தை மிச்சப்படுத்தப் போய் ஓராண்டை இழக்கக் கூடாது என்பது என் கருத்து.

இப்போது உங்களை நெருக்குவது குழுவில் உள்ள மனுதான். மில் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவாகியிருந்தால்தான் அந்த மனு நிற்கும். முதலில் அந்தப் பதிவுக்கான உத்யம் சான்றிதழைக் கேளுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் ஏற்றதாகக் கருதப்படும். நீங்கள் அந்தக் கெடுவைத் தவறவிட்டீர்கள். ஆனால் அது பணம் கொடுக்க வேண்டிய நாளைக் கணக்கிடுவதற்கான விதியே தவிர, நஷ்டஈட்டு உரிமையை அழிக்கும் விதியன்று. தோற்றால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்குக் கூட்டு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டப்பட்டு வரும் என்பதால், அலட்சியம் வேண்டாம். அந்தக் குழுவின் நடுவர் விசாரணையிலேயே எதிர்க்கோரிக்கை வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்திருக்கிறது.

பதில் 3: இதே போன்ற வழக்கைக் கடந்து வந்த உற்பத்தியாளர்

அண்ணா, எனக்கு இதே பிரச்சினை வந்தபோது யாரும் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், அந்தத் தொகைக்கு நீங்கள் எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவை) வட்டியுடன் திருப்பிக் கட்ட வேண்டும். பின்னர் பணம் கொடுத்தால் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். நாம் டெபிட் நோட் (தொகையைப் பிடித்தம் செய்வதாக வாங்குபவர் எழுதும் சீட்டு) போட்டதால் மட்டும் வரிக் கணக்கு நேராகிவிடாது, மில் கிரெடிட் நோட் கொடுத்தால்தான் நேராகும். ஆகவே சமரசம் பேசும்போது கிரெடிட் நோட்டையும் ஒரு நிபந்தனையாக எழுதி வாங்குங்கள். எனக்குச் சமரசத்தில்தான் முடிந்தது. கேட்டதில் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தது. ஆய்வக அறிக்கை மேசைக்கு வந்த நாள் வரை எதிர்த்தரப்பு ஒரு ரூபாய்கூடப் பேசவில்லை.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவே நான்கு கோன்களை இடம் மாற்றி ஓட்டிப் பார்த்தோம். அந்தத் துணியைச் சாயமேற்றியபோது நான்கிலும் பட்டை கோனோடு நகர்ந்திருந்தது. மீதமுள்ள கோன்களைப் பூட்டி வைத்து, மாதிரி எடுக்கும் தேதியைப் பதிவுத் தபாலில் மில்லுக்குத் தெரிவித்துவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும்: விமானச் செலவு 1.8 லட்சத்தையும் சேர்த்துக் கேட்க முடியுமா? வாட்ஸ்அப் செய்திகள் சாட்சியமாகுமா?

வழக்கறிஞர்

ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, இயல்பாக விளையும் நஷ்டத்தையும், ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்பும் அறிந்திருந்த நஷ்டத்தையும் மட்டுமே தருகிறது. ஏற்றுமதித் துணி என்பது மட்டுமன்றி, கப்பல் ஏற்றும் தேதியும் உங்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் இருந்தால் விமானச் செலவையும் கேளுங்கள். இல்லையென்றால் அது கிடைப்பது கடினம். வீணான துணியை இரண்டாம் தரமாக விற்றால் வரும் தொகையைக் கழித்துக் காட்ட வேண்டும். எனவே மாதிரி எடுத்து முடித்ததும், மில்லுக்கு அறிவிப்புக் கொடுத்துவிட்டு, குறைந்தது மூன்று பேரிடம் விலை கேட்டு விற்றுவிடுங்கள். வாட்ஸ்அப் செய்திகளுக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63(4)ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அதுவரை அந்தக் கைப்பேசியை மாற்றவோ செய்திகளை அழிக்கவோ வேண்டாம்.